எலுமிச்சை நசுங்காத வண்டி

எங்கள் பட்டறையிலிருந்து சக்கரம் வைத்த எது வெளியே போனாலும் அதன் சக்கரத்துக்கு அடியில் என் வீட்டுக்காரர் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார். காருக்கும் லாரிக்கும் அப்படிச் செய்வது ஊர் வழக்கம்தான். இவர் தொழிற்சாலைக்குள்ளேயே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நட்டு போல்ட் சுமந்து திரிகிற டிராலிக்கும் வைப்பார். ரோட்டைக் கண்ணால்கூடப் பார்க்காத வண்டிக்கு யார் கண் படப்போகிறது என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். "சக்கரம் கீதுல்ல? சக்கரம் இருந்தா பழம்" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மூட்டையாக எலுமிச்சை வாங்குகிற ஒரே வெல்டிங் பட்டறை அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

எஸ்டேட்டின் பின்தெருவில், ஒரு லேத் பட்டறைக்கும் பெயின்ட் அடிக்கிற ஷெட்டுக்கும் நடுவில் நாங்கள் இருக்கிறோம். நான் படம் வரைவேன், அளவு எடுப்பேன், வாடிக்கையாளர்களோடு சண்டை போடுவேன். அவர் வெட்டுவார், வெல்டிங் வைப்பார், சண்டை முடிந்ததும் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பார். டிராலி தவிர வேறொன்றும் நாங்கள் செய்ததில்லை. ஆனால் டிராலியை நன்றாகச் செய்வோம், அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அடிச்சட்டம் ஒன்றே ஒன்று. அதன் மேல் தட்டு வேண்டுமா, கூடை வேண்டுமா, கம்பி வலை வேண்டுமா, கழற்றி மாட்டிக்கொள்ளலாம். எல்லா இடத்திலும் ஒரே அளவு நட்டு, அதற்கு ஒரே ஸ்பேனர். இது அவருடைய முதல் கொள்கை. இரண்டாவது, விரல் சோதனை. முழுப் பாரம் ஏற்றிய வண்டியை ஆள்காட்டி விரலால் தள்ளினால் நகர வேண்டும். நகராத வண்டி எங்கள் வாசலைத் தாண்டாது. இந்த விரல் பெருமைதான் பிறகு எங்களை மாட்டிவிட்டது.

அவருடைய அக்காவுக்கு, அதாவது நான் அண்ணி என்று கூப்பிடுகிற என் நாத்தனாருக்கு, குமணன்சாவடி தாண்டி உள்ளே ஒரு கீரைத் தோட்டம் இருக்கிறது. மூன்று பக்கமும் அடுக்குமாடி. நாலாவது பக்கம் லேஅவுட் ரோடு. அந்த ரோடு சாய்வாக வெட்டிக்கொண்டு போனதில் நிலம் ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் ஒடுங்கியும் போய்விட்டது. அண்ணி அதில் சிறுகீரை, அரைக்கீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி என்று மாற்றி மாற்றிப் போடுவார். காலையில் பிடுங்கியதை அடுக்குமாடி கேட்டிலேயே விற்று முடித்துவிடுவார். வாங்குகிறவர்கள் பால்கனியில் நின்றபடியே "அந்தக் கடைசிப் பாத்தியில இருக்கே, அது எப்போ வரும்?" என்று முன்கூட்டியே கேட்டு வைப்பார்கள். தன் சமையலுக்கான கீரை வளர்வதைத் தினமும் மேலேயிருந்து பார்க்கிற பாக்கியம் சென்னையில் வேறு யாருக்குக் கிடைக்கும்?

அண்ணியின் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. டாக்டர் நடக்கலாம் என்றார், நிற்கலாம் என்றார், நாற்காலியில் உட்காரலாம் என்றார். குந்தக் கூடாது என்றார். கீரை வேலையோ முழுக்க முழுக்கக் குந்துகிற வேலை. களையெடுக்கக் குந்த வேண்டும், பிடுங்கக் குந்த வேண்டும், கட்டுக் கட்டக் குந்த வேண்டும். உழுது பாத்தி கட்ட ஒரு நாளுக்கு ஆள் கிடைப்பார்கள். தினமும் குந்திக் களையெடுக்க யாரும் வருவதில்லை. கூட வேலை செய்துகொண்டிருந்த பெண்ணும் ஒரு செல்போன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள்.

"குந்தாத, குந்தாதன்றாரே டாக்டரு, அந்தக் கீரையண்ட போய் இடுப்பு ஒசரம் வளருனு சொல்லச் சொல்லு" என்று அண்ணி எங்களிடம் அலுத்துக்கொண்டார்.

அண்ணியின் மகன் ஆவடியில் ஃபிளாட் வாங்கியிருக்கிறான், ஐ.டி. வேலை. நல்ல பிள்ளைதான். ஆனால் எந்தப் பிரச்சினைக்கும் கேட்பதற்கு முன்பே தீர்வு வைத்திருப்பான். எனக்கு அது மட்டும் பிடிக்காது. நாங்கள் அங்கே போயிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையும் கையில் தீர்வோடுதான் வந்தான். டிராவல்ஸ் வைத்திருக்கிற ஒருவர் வேன்கள் நிறுத்த இடம் தேடுகிறாராம். ஜல்லி கொட்டி, சுற்றித் தகரம் அடித்துக்கொள்வாராம்.

"சும்மா கெடக்கப்போற எடம்தானேம்மா. நீ ஏன் கால ஒடிச்சிக்கிற?" என்றான்.

அண்ணி கத்தவில்லை, அழவில்லை. தன் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார். "தை வரிக்கும் பாக்கறேன். குந்தாம கொள்ளாம வெதச்சி, களையெட்த்து, புடுங்கி, ஒரு போகம் கேட்டாண்ட கொண்டாந்துட்டேன்னு வையி, எடம் என்து. இல்லனா உன் இஷ்டம், ஜல்லி கொட்டிக்கோ."

அதுவரை மிக்சர் தின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர் கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அக்கா, மேல இன்னா இன்னா மாட்டணும்னு நீ சொல்லு. அடில சக்கரத்தோட சட்டத்த நான் தர்றேன்."

எனக்கு ஆச்சரியம். சொந்தக்காரர்கள் வீட்டில் அவர் வாயைத் திறப்பதே சாப்பிடத்தான்.

மறுவாரம் டேப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். முதல் பாத்தியை அளந்தேன், கடைசிப் பாத்தியை அளந்தேன், இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தன. நிலமே கோணல் என்றால் பாத்தி எப்படி ஒரே அகலத்தில் இருக்கும்? தொழிற்சாலையில் இப்படி ஒரு தரையைக் காட்டியிருந்தால் முதலில் தரையைச் சரி பண்ணிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருப்பேன். அண்ணியிடம் அப்படிச் சொல்ல முடியாது. அதனால் சக்கரம்தான் வளைந்து கொடுக்க வேண்டியிருந்தது.

அப்படித்தான் அந்தச் சட்டம் உருவானது. இரண்டு பக்கமும் சின்னப் பிள்ளைகள் ஓட்டுகிற சைக்கிளின் சக்கரங்கள். அவற்றைத் தாங்குகிற குறுக்குக் குழாயில் வரிசையாகத் துளைகள். துளையில் செருகியிருக்கிற இரும்பு ஊசியை உருவி, சக்கரத்தைத் தள்ளி, வேறு துளையில் ஊசியைப் போட்டால் வண்டி அகலமாகும், அல்லது ஒடுங்கும். பாத்திக்கு இரண்டு பக்கமும் இருக்கிற நடைவழியில் சக்கரங்கள் ஓடும். நடுவில் பாத்திக்கு மேலே ஒரு சதுரக் குழாய் படுத்திருக்கும். அண்ணி கேட்டதையெல்லாம் அந்தக் குழாயில் மாட்டலாம். கோடு கீறுகிற பற்கள், விதை சிந்துகிற துளைபோட்ட உருளை, களையை வெட்டுகிற தட்டைக் கத்தி, அறுத்த கீரையை வைக்கிற தட்டு. கைப்பிடியை ஓரமாக வைத்தோம், அண்ணி பாத்தியை மிதிக்காமல் வழியிலேயே நடந்து தள்ள. எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்பேனர்.

முழங்கால் வலிக்காரர் தள்ளப்போகிற வண்டி என்பதால் எவ்வளவு எடையைக் குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தோம். இரும்பு இருந்த இடத்தில் அலுமினியம் வந்தது. நான் படத்தில் ஒரு கம்பியை அடித்தால் அவர் வெட்டும்போது இன்னொன்றைத் தானாகவே விட்டுவிடுவார். இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு இளைக்க வைத்தோம். முடிந்ததும் அவர் ஆள்காட்டி விரலை வைத்தார். வண்டி பட்டறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சத்தமில்லாமல் ஓடியது. பக்கத்து லேத் பட்டறைக்காரர் வந்து பார்த்து, ஒரு கையால் தூக்கி, "இன்னா அண்ணாத்தே, காத்துல பண்ணியா?" என்றார். அன்றைக்கு எங்களைக் கையில் பிடிக்க முடியவில்லை.

பிறகு அவர் வழக்கம்போல் எலுமிச்சம்பழத்தை வைத்தார். வண்டியைத் தள்ளினார். பழம் நசுங்கவில்லை. சக்கரத்துக்கு முன்னால் உருண்டு ஓடி, டிரில்லிங் மெஷினுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. இன்னொன்று வைத்தார். அது பக்கவாட்டில் நழுவியது. மூன்றாவதை நான் காலால் அணைகொடுத்துப் பிடித்துக்கொண்டேன். வண்டி அதன் மேல் ஏறி, இறங்கி, போய்விட்டது. பழம் முழுசாக இருந்தது.

"பழம் காயா கீது" என்றார்.

"ஆமாம், கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றேன். இரண்டு பேரும் அதை நம்பினோம். நம்புகிற மனநிலையில் இருந்தோம்.

லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்த் தோட்டத்தில் இறக்கியபோது அக்கம்பக்கத்துப் பால்கனிகளில் ஆட்கள் நின்றார்கள். மகனும் வந்திருந்தான். அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார். பற்களை மாட்டிக் கொடுத்தோம். ஈர மண், புதிதாகக் கட்டிய பாத்தி, நல்ல வெயில். அண்ணி தள்ளினார். வண்டி அழகாகப் போனது, சக்கரம் தடம் மாறவில்லை, எங்கேயும் இடிக்கவில்லை. பாத்தியின் கடைசி வரை போய்ச் சேர்ந்தது. திரும்பிப் பார்த்தால் மண்ணில் கோடு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பற்கள் மேலாகத் தொட்டுக்கொண்டே போயிருக்கின்றன. களைக்கத்தியை மாட்டிப் பார்த்தோம். அதுவும் மண்ணுக்குள் இறங்க மறுத்து மேலேயே வழுக்கிக்கொண்டு போனது. அண்ணி கைப்பிடியை அழுத்திப் பார்த்தார். அழுத்தினால் முழங்காலில் இழுக்கிறது என்று விட்டுவிட்டார்.

"இது மண்ணக் கீறலியே நைனா. மண்ணுக்குத் தல வாரி வுடுது" என்று சிரித்தார்.

அவர் சிரித்தது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மகன் கேலி செய்திருந்தாலாவது நான் திருப்பிச் சொல்லியிருப்பேன். போகும்போது மட்டும், "பரவால்ல அத்தை, ட்ரை பண்ணீங்க இல்ல" என்றான். அந்த 'பரவால்ல'வைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை வைத்து நாலு டிராலிக்கு வெல்டிங் போட்டிருக்கலாம்.

திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை. கத்தியின் கோணம் தப்பு என்று நான், படத்தில் உள்ள கோணம்தான் என்று அவர். பட்டறைக்கு வந்தும் விடவில்லை. கோணத்தை மாற்றினோம், பற்களைத் தீட்டினோம், நீளத்தைக் கூட்டினோம். பின்பக்கம் கொஞ்சம் மண் கொட்டி வைத்து அதில் இழுத்துப் பார்த்தோம். எல்லாம் அதே தலைவாரல்தான். மார்கழியும் பிறந்துவிட்டது. தெருவில் கோலம் பெரிதாகப் பெரிதாக நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். தைக்குள் ஒரு போகம் என்றால் விதை இப்போதே மண்ணில் இறங்கியிருக்க வேண்டும்.

ஒரு நாள் குடிதண்ணீர் கேன் போடுகிறவர் புதுக் கேனைக் கொண்டுவந்து இறக்கினார். பட்டறையில் கேனுக்கென்று ஒரு குட்டி டிராலி உண்டு. மிச்சமான அலுமினியத்தில் என் வீட்டுக்காரர் பண்ணியது. காலியான கேன் இருக்கும்போது யாராவது பக்கத்தில் நடந்தாலே அது நகரும். நிறைந்த கேன் ஏறிவிட்டால் இடித்தாலும் அசையாது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் புதுக் கேனை ஏற்றி அதைத் தள்ளி வைத்தபோது தரையில் கிடந்த ஒரு எலுமிச்சை, அந்த நசுங்காத பழங்களில் ஒன்று, சக்கரத்தில் சிக்கிச் சதக்கென்று நசுங்கியது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருஷமும் பாரத்தை விரோதியாகவே நினைத்து வேலை செய்திருக்கிறோம். எங்களிடம் வருகிற ஒவ்வொருவரும் எடை தெரியக் கூடாது, தடை தெரியக் கூடாது என்றுதான் கேட்பார்கள். அதையே மண்ணுக்கும் செய்து வைத்திருக்கிறோம். சிமென்ட் தரையில் வண்டி தடையில்லாமல் ஓடினால் போதும். மண்ணில் பாரம் அழுத்தி, கத்தி உள்ளே இறங்கித் தடுக்கினால்தான் வேலையே நடக்கும்.

"பழம் அன்னிக்கே சொல்லிச்சி" என்றார் அவர். குரலில் வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம். தான் வைத்த எலுமிச்சை சும்மா இல்லை என்று நிரூபணமாகிவிட்டது அல்லவா.

உடனே இரும்பைச் சேர்க்கக் கிளம்பினார். நான் தடுத்தேன். இரும்பைச் சேர்த்தால் அது எப்போதும் அங்கேயே இருக்கும். வேலை முடிந்து வண்டியைத் திருப்பும்போதும், ஷெட்டுக்குக் கொண்டுபோகும்போதும் அண்ணிதானே அதைத் தள்ள வேண்டும்? பாரம் வேண்டும்போது வர வேண்டும், வேண்டாதபோது போக வேண்டும். அப்படி வந்து போகிற பாரம் எங்கள் கண்முன்னாலேயே கேனில் நின்றுகொண்டிருந்தது.

சட்டத்தின் இரண்டு பக்கமும் கேன் உட்காருகிற மாதிரி ஒவ்வொரு வளையம் வைத்தோம். மண் ஈரமாக இருந்தால் கால் கேன், இறுகியிருந்தால் அரை கேன். தோட்டத்து மோட்டார் ஓடும்போது கேனில் தண்ணீர் பிடித்துக்கொள்ள வேண்டியது, வேலை முடிந்ததும் கேனின் குழாயைத் திறந்து பாத்தியிலேயே விட்டுவிட வேண்டியது. பாரமாக வந்தது தண்ணீராகப் பயிருக்குப் போய்விடும். இதை யோசித்தது நான்தான். அதை யார் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தத் தடவை அவர் பழம் வைக்கவில்லை. "வேல முழுசா முடியட்டும். அன்னிக்கி வெச்சிக்கலாம்" என்றார். அவருக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது.

பயப்பட்டிருக்க வேண்டாம். தோட்டத்தில் பற்கள் மண்ணுக்குள் இறங்குகிற சத்தம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. உப்புமாவுக்கு ரவை கொட்டுகிற மாதிரி மெல்லிய சரசரப்பு. அண்ணி இரண்டடி தள்ளிவிட்டு நின்றார். குனிந்து பார்த்தார். கோடுகள் வரிசையாக, விரல் விட்டால் உள்ளே போகிற ஆழத்தில். அப்படியே பாத்தியின் கடைசி வரை தள்ளிக்கொண்டு போனார். அங்கே நின்றுகொண்டு எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டவர் மாதிரி. எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவருக்கும்தான், ஆனால் அவர் ஸ்பேனரைத் தேடுவதாகக் குனிந்துகொண்டார்.

பிறகு அந்தச் சட்டம் செய்த வேலைகளைச் சொன்னால் நான் பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும். பரவாயில்லை. பற்களைக் கழற்றி அண்ணி விதை உருளையை மாட்டினார். கீரை விதையை வழக்கம்போல் மணலோடு கலந்துதான் உருளையில் போட்டார், அது உருண்டுகொண்டே கோட்டுக்குள் சிந்தியது. முளைத்து வந்ததும் உருளை போய்க் கத்தி வந்தது. வரிசைக்கு நடுவே கத்தி போகும், களை வேரறுந்து வெயிலில் வாடும். அகலப் பாத்தியில் சக்கரத்தை விரிப்பார், ஒடுங்கிய பாத்திக்கு வந்ததும் ஊசியை உருவி ஒடுக்குவார். நாங்கள் நினைக்காததையும் மாட்டினார். உச்சி வெயிலுக்குக் கைப்பிடியில் குடையைக் கட்டினார். எரு மூட்டையை ஏற்றினார். ஒரு நாள் நான் போனபோது அதன் மேல் கேஸ் சிலிண்டர் உட்கார்ந்திருந்தது.

"இன்னா அண்ணி இது?" என்றேன்.

"ஏன், அதுக்கு மட்டும் காலு வலிக்காதா? கேஸ்காரன் ரோட்டுலயே எறக்கி வெச்சிட்டுப் பூட்டான்" என்றார்.

ஒரு பொருளை அது எதற்கென்று சொல்லிக் கொடுத்தோமோ அதற்கு மட்டும் பயன்படுத்துகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். அண்ணியிடம் போனபிறகுதான் எங்கள் சட்டத்துக்கு எத்தனை வேலை தெரியும் என்று எங்களுக்கே தெரிந்தது. நட்டு தேய்ந்து பளபளவென்று ஆகிவிட்டது. ஸ்பேனரைத் தாலிக்கயிறு மாதிரி ஒரு நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டே திரிந்தார்.

கீரை வரிசை வரிசையாக எழும்பியது. பால்கனியில் போட்டோ எடுத்தார்கள். டிராவல்ஸ்காரரும் ஞாயிறு தவறாமல் மகனுக்குப் போன் செய்து, "தை பொறக்கப்போவுதே தம்பி, இன்னா ஆச்சி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். அவனும், "பாக்கலாம்ணே, அம்மா ட்ரை பண்ணிக்கினு கீறாங்க" என்று சொல்லி வந்தானாம்.

கடைசி வேலைதான் மிச்சம், பிடுங்குவது. அங்கேதான் மறுபடியும் மாட்டிக்கொண்டோம். நின்றபடியே அறுக்க நீளக் கைப்பிடி வைத்த கத்தரி ஒன்று செய்து கொடுத்தேன். அது அறுத்தது, ஆனால் கீரை மண்ணில் விழுந்து புரண்டது. சிறுகீரையை வேரோடு பிடுங்கி, உதறி, கையோடு சேர்த்துக் கட்டினால்தான் கேட்டில் வாங்குவார்கள். கைக்கும் கீரைக்கும் நடுவே எந்தக் கருவியும் ஒத்துவராது. கை கீழே போக வேண்டும், முழங்கால் மடங்கக் கூடாது.

"அவ்ளோதான் போலக்கீது. பொங்கலுக்கு இன்னும் ரவ நாள்தான் கீது" என்றார் அண்ணி. அவர் குரலில் அந்த மாதிரி ஒரு சோர்வை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வரிசை கட்டி நிற்கிற கீரையைத் தொட முடியாமல் பார்த்துக்கொண்டு நிற்பது என்ன கொடுமை.

பட்டறையில் கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று ரொம்ப நாளாகக் கிடந்தது. அதைத் தூக்கிப்போடச் சொல்லி நான் கத்தாத மாதம் கிடையாது. அன்று சாயங்காலம் அவர் அதன் மிச்சக் கால்களையும் அறுத்தார். சட்டத்தைக் கொண்டுவந்து, இரண்டு சக்கரத்தையும் உள்பக்கமாக இருக்கிற கடைசித் துளைக்குத் தள்ளினார். பாத்தியை அணைத்துக்கொண்டு ஓடுகிற வண்டி இப்போது பாத்திகளுக்கு நடுவே நடைவழியில் ஓடுகிற அளவுக்கு ஒடுங்கிவிட்டது. சதுரக் குழாயில், கத்தி இருந்த அதே இடத்தில், அதே நட்டில், நாற்காலியை மாட்டினார். அது சாய்ந்துவிடாமல் இருக்கப் பின்னால் ஒரு சின்னச் சக்கரம் வைத்தார். நான் உட்கார்ந்து பார்த்தேன். தரைக்கு ஒரு சாண் உயரம். காலை மடக்க வேண்டாம், முன்னால் நீட்டிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் கையைத் தொங்கவிட்டால் தரை. எழுந்திருக்க என்ன செய்வது என்று கேட்டேன். கைப்பிடியைத் திருப்பி முன்பக்கம் நிமிர்த்தி மாட்டிக்காட்டினார். பிடித்து எழுந்தேன். பத்து வருஷம் குடும்பம் நடத்தியவரை அன்றைக்கு முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு போனோம். மகன் எங்களுக்கு முன்பே வந்திருந்தான். பாத்திகளைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான், செருப்பைக் கழற்றிவிட்டு. நாற்காலியைப் பார்த்ததும் வண்டியை இரண்டு தடவை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தான். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு போனான். எனக்குச் சுருக்கென்றது. இவனுக்கு இதைக்கூட நின்று பார்க்கப் பொறுமையில்லையா என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

அண்ணி ஒரு கையால் கைப்பிடியையும் ஒரு கையால் தம்பியின் தோளையும் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். காலை நீட்டினார். அசைந்து அசைந்து இடம் பார்த்துக்கொண்டார். வலது கையை இறக்கிக் கீரையின் மேல் வைத்தார். பிடுங்கவில்லை, சும்மா வைத்துக்கொண்டிருந்தார். "எத்தினி நாளாச்சி" என்றார்.

அதற்குள் பைக் சத்தம். மகன் திரும்பி வந்துவிட்டான். சட்டைப்பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தான். குமணன்சாவடி வரை அதற்காகத்தான் போயிருக்கிறான். என் வீட்டுக்காரரிடம், "வைக்கலாம்ல மாமா?" என்று கேட்டான். அவர் தலையை ஆட்டினார்.

நடந்து நடந்து இறுகிப்போன வழி அது. வலது சக்கரத்துக்கு முன்னால் பழத்தை வைத்தான். "கைய எட்றா" என்ற அண்ணி, குதிகாலை மண்ணில் ஊன்றி வண்டியை முன்னால் இழுத்தார். சக்கரம் ஏறியது. கேன் எதுவும் இல்லை. அண்ணியின் பாரம் ஒன்றே போதுமாக இருந்தது. பழம் நசுங்கிச் சாறு நடைவழியில் பரவியது.

அப்போது அவன் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைப் போன் யாருடையது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஓரமாகப் போகாமல் அங்கேயே நின்று பேசினான்.

"இல்லண்ணே. எடம் காலியா இல்ல." கொஞ்சம் கேட்டுவிட்டு, "இல்லண்ணே, எப்பவுமே காலியா ஆவாது. நீங்க வேற எடம் பாருங்க" என்றான்.

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. வேரோடு பிடுங்குவது, உதறுவது, மடியில் போடுவது என்று கை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "யார்டா போன்ல?"

"ராங் நம்பர்மா."

"ராங் நம்பரண்டயா எடம் காலியா இல்லனு சொன்ன?"

அண்ணி மடியில் சேர்ந்திருந்த கீரையை அள்ளி, வாழை நாரோடு பின்பக்கமாக நீட்டினார்.

"இந்தா, கட்டு. நின்னுக்கினு கட்டுனா உதிரும், குந்திக் கட்டு. உனுக்கு முட்டி நல்லாத்தான கீது."

ஜீன்ஸ் தொடையில் இறுக்க, கொஞ்சம் தடுமாறி, அவன் தன் அம்மாவுக்குப் பின்னால் நடைவழியில் குந்தினான்.